தெய்வானை மாமியின் முகம்

போன கிழமை ஒரு பெண்பிள்ளை தொலைபேசியில் என்னைப் பேட்டி கண்டாள். ஏதோ பெண்கள் சஞ்சிகையாம். கொழும்பில் இத்தனை வருடம் தொலைக்காட்சி நாடகங்களுக்கும் ஒன்றிரண்டு படங்களுக்கும் தயாரிப்பு மேலாளராக இருந்தவள், அதற்கு முதல் பரதநாட்டியம் படித்தவள் என்று யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். "அன்ரி, டான்ஸ் படிச்சது உங்கடை படவேலைக்கு எப்பிடி உதவினது?" என்று கேட்டாள். நான் உடனே ஒழுங்கு, நேரம், தாளம், பொறுமை என்று நாலைந்து நல்ல சொற்களை எடுத்துவிட்டேன். அவளும் அப்படியே எழுதிக்கொண்டாள். பேட்டி என்றால் அப்படித்தானே, கேட்கிறவருக்கும் நோகாமல் சொல்லுகிறவருக்கும் நோகாமல் முடியவேண்டும்.

கதைத்துக்கொண்டிருக்கும்போதே கீழே ஒழுங்கையில் யாரோ மோட்டார் சைக்கிள் செயினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார்கள். அந்த மணம் மூன்றாம் மாடி வரைக்கும் ஏறி வந்தது. எனக்கு அந்த மணம் வந்தால் பொய் சொல்ல வராது. பேட்டியை அவசரமாக முடித்துக்கொண்டேன். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்லுகிறேன். நீங்கள் எழுதப் போவதில்லையே.

தொண்ணூறுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு அந்த மணத்தைப் பற்றி விளக்கத் தேவையில்லை. அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையால் மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. எந்த இயந்திரத்துக்கும் இரண்டு சொட்டுப் பெற்றோலை மருந்து மாதிரி விட்டு உயிர் கொடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். ஊரே கறுப்பாகப் புகைந்தது. கல்யாண வீடுகளில் சாம்பிராணியை விட மண்ணெண்ணெய் தூக்கலாக மணந்தது. வீடியோ எடுக்க ஜெனரேற்றர் ஓடவேண்டுமே! சோற்றுக்கு வழியில்லாத வீட்டிலும் வீடியோ வேண்டும். அண்ணன் கனடாவில், மாமா ஜேர்மனியில், அவர்கள் பார்க்கவேண்டும்.

தேவண்ணையின் வீடியோக் கடை கொக்குவிலில் ரயில் பாதைக்குக் கிட்ட இருந்தது. பாதை என்று சொன்னாலும் தண்டவாளமும் சிலீப்பர்க் கட்டையும் எப்போதோ பங்கர்க் குழி மூடப் போய்விட்டன, சல்லிக்கல்தான் மிச்சம். ஒரு கமெரா, படம் பதிகிற இரண்டு டெக், ஒரு ரீவி, பின்பக்கத்தில் ஜெனரேற்றர். தொண்ணூற்றிரண்டில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவருடைய பெரிய கவலை வீடியோ ரேப், அதுதான் பதிவு நாடா. புது ரேப் வவுனியாவுக்கு இந்தப் பக்கம் வராது. இருந்ததையே அழித்து அழித்துப் பாவித்தோம். ஒருத்தி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு மேலே இன்னொருவரின் கல்யாணம், அதற்கு மேலே மற்றவரின் கல்வீட்டுக் குடிபுகுதல்.

அங்கேதான் என் நாட்டியம் உதவியது. கமெராவில் எவ்வளவு நேரம் ஓடியது என்று காட்டுகிற எண்கள் பழுதாகிப்போயிருந்தன. நான் பக்கத்தில் நின்று தொடையில் ஆதிதாளம் போட்டு எண்ணுவேன். "பன்ரண்டு ஆவர்த்தனம் போட்டுது, நிப்பாட்டுங்கோ." ரேப்பில் எவ்வளவு மிச்சம் என்று முடிவுவரைக்கும் சொல்லிவிடுவேன். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுவதற்குச் சரியாக மூன்று நிமிடம் மிச்சம் வைத்துக் கொடுத்தபோது தேவண்ணை கையெடுத்துக் கும்பிட்டார். "நீர் வந்தாப் பிறகுதான் எனக்கு நித்திரை வருது" என்றார்.

நான் நாட்டியம் படித்த கதையும் அழகானதல்ல. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பிலிருந்து கட்டின சீலையோடு வந்த டான்ஸ் ரீச்சர் ஒருவர் எங்கள் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தார். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. நாலு வருடம் தட்டுக்கழியால் கணுக்காலில் வாங்கி வாங்கிப் படித்தேன். அரங்கேற்றத்துக்கு எண்பத்தேழு ஐப்பசியில் நாள் வைத்தோம். அதே ஐப்பசியில் இந்திய இராணுவத்தின் செல் குண்டு வந்து விழுந்தது. மண்டபம் அகதிமுகாம் ஆனது. நான் ஆட இருந்த மேடையில், சரியாக நட்டுவாங்கம் இருக்கவேண்டிய மூலையில், எங்கள் குடும்பம் பன்னிரண்டு நாள் பாய் விரித்துப் படுத்தது. ரீச்சர் பிறகு கனடா போய்விட்டார். நான் சபையைக் காணாத டான்ஸ்காரியாக மிஞ்சினேன். அந்தப் பசி எவ்வளவு கெட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது.

கடையில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது: கமெராவுக்குக் குறுக்கே வருகிறவர்களை விலக்குவது. அப்படித்தான் தெய்வானை மாமியைக் கண்டேன். பண்டத்தரிப்புப் பக்கம் எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் அந்த மனுசி வந்து நிற்பார். ஐம்பது வயதிருக்கும். தோய்த்து மடித்த ஒரு நீலச் சீலை, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டின கொண்டை. மாப்பிள்ளை வீடும் இல்லை, பொம்பிளை வீடும் இல்லை. சமையலுக்கு உதவிவிட்டு, சரியாக லைற் போடுகிற நேரம் முன்னுக்கு வந்து கமெராவை நேரே பார்ப்பார். சிரிக்கமாட்டார். முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

"உந்த மனுசியை ஒருக்கா விலத்தும்" என்பார் தேவண்ணை. நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். ஒருநாள் கேட்டேவிட்டேன், ஏன் மாமி இப்படி என்று.

"இது வெளியிலை போகும்தானே பிள்ளை?" என்றார். "எங்கடை மகன் நேசன் எண்பத்தஞ்சிலை மாதகலிலை வள்ளம் ஏறினவன். திருச்சியிலை இருந்து ஒரு கடிதம் போட்டவன், வெளியிலை போறன் எண்டு. பிறகு ஒண்டும் இல்லை. எந்த நாடெண்டு தெரியாது. ஆற்றையும் கலியாண வீடியோக் கொப்பியை அவன் பாக்கமாட்டானே? நான் உயிரோடை இருக்கிறன் எண்டு அவனுக்குத் தெரியோணும்."

நான் தலையாட்டினேன். பிறகு கடைக்குப் போய், எடிற் பண்ணும்போது மாமி வருகிற இடங்களை எல்லாம் வெட்டினேன். வீட்டுக்காரர் முறைப்பாடு செய்வார்கள், "ஆரிந்த மனுசி, எங்கடை ஆள் இல்லையே" என்று. ஒரு கல்யாணம் விடாமல் வெட்டினேன். அது என் வேலை என்று நினைத்தேன். வேலைதான்.

தொண்ணூற்றுமூன்றில் தேவண்ணைக்குப் படம் எடுக்கும் பித்துப் பிடித்தது. வெளிநாடு போன மகனுக்காகக் காத்திருக்கும் தாய், முக்கால் மணித்தியாலப் படம். அதற்கு ஒரு பெயரும் வைத்தார், இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தாயாக நடிக்க ஆள் தேடி ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்தோம். ஒருநாள் வெட்டாமல் கிடந்த ஒரு கல்யாண ரேப்பில் மாமி குடத்தோடு கிணற்றடியால் நடந்து போவதைத் தேவண்ணை கண்டார். மாமிக்கு ஒரு நடை இருந்தது. வலது காலை வைக்கும்போது பெருவிரலை நிலத்தில் ஒருமுறை அழுத்தி, பிறகுதான் குதிக்காலை வைப்பார். நிலம் பொறுக்குமா என்று பார்க்கிற மாதிரி. "இந்த நடை போதும்" என்றார் தேவண்ணை. "இந்த மனுசி சும்மா நடந்தாலே படம் ஓடும்."

மாமிக்கு வேறு ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. படம் வெளிநாடெல்லாம் போகும் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. "என்ரை முகத்தைக் கிட்ட வைச்சு எடுப்பியளோ?" என்று மட்டும் கேட்டார். "ஓம் மாமி, ரீவி முழுக்க உங்கடை முகம்தான்" என்றார் தேவண்ணை. படப்பிடிப்புக்கு மாமி தலை முழுகி, கன்னத்தில் பவுடர் போட்டுக்கொண்டு வந்தார். எட்டு வருடமாகக் காணாத பிள்ளை பார்க்கும்போது அம்மா கெட்டுப்போனவளாகத் தெரியக் கூடாதாம்.

நடக்கிற காட்சிகள் எல்லாம் ஒரே தடவையில் முடிந்தன. பிறகு அழுகிற காட்சி. கிணற்றுக்கட்டில் இருந்து மகனை நினைத்து அழவேண்டும். மாமி அழுதார். ஐயோ, அது ஒரு அழுகை! வாய் இடப்பக்கம் கோணியது, மூக்கால் வடிந்தது, தொண்டையில் ஆடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். தேவண்ணை கமெராவை நிற்பாட்டாமல் ஓடவிட்டார்.

எனக்கோ ரீச்சர் சொன்னதுதான் காதில் கேட்டது. அழுகை என்றால் கண் நிறையவேண்டும், வழியக் கூடாது. வாய் கோணினால் சபை சிரிக்கும். "இன்னொருக்கா எடுப்பம்" என்றேன். "மாமி, வாயைக் கோணாதேங்கோ. மூக்கைச் சீறாதேங்கோ. கண்ணை மட்டும் மெல்ல மெல்ல உயர்த்துங்கோ, நான் எட்டு எண்ணுறன்." மாமி திரும்ப அழுதார். திரும்பவும் கோணியது. "இன்னொருக்கா." ஆறு தடவை அழவைத்தேன். ஒரு தடவையும் மாமி மறுக்கவில்லை. ஆறாவது தடவை முடிய, "இப்ப வடிவா இருந்துதோ பிள்ளை?" என்று கேட்டார். நான் உதட்டைப் பிதுக்கினேன். கிணற்றடியில் நின்ற சனம் எல்லாம் அதைப் பார்த்தது.

"எனக்கெண்டால் முதல் எடுத்ததே போதும்" என்றார் தேவண்ணை, கடைக்குத் திரும்பி வந்து.

"சபை சிரிக்கும் அண்ணை" என்றேன். "நான் செய்து காட்டட்டே?"

சொல்லிவிட்டேன். எத்தனை வருடமாக வயிற்றில் கிடந்த சொல் அது! தேவண்ணை யோசித்தார். அவர் கெட்ட மனுசன் இல்லை, ஆனால் அபிநயம் படித்தவள் சொல்லுகிறாள் என்றதும் தன் கண்ணைத் தானே நம்பாமல் விட்டுவிட்டார். மாமியைப் பின்பக்கத்தில் இருந்து எடுத்தது முழுக்க நல்லாக இருந்தது. முகம் வருகிற இடங்களுக்கு மட்டும் நான். நாட்டியத்தில் இது ஒரு விசயமே இல்லை பாருங்கள். ஒருத்தியே தாயாக நிற்பாள், அரைச் சுற்றுச் சுற்றினால் பிள்ளையாகிவிடுவாள், இன்னொரு அரைச் சுற்றில் திரும்பவும் தாய். சபை கேள்வி கேட்காது. அந்தப் பழக்கத்தில்தான் செய்தேன் என்று கனகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழக்கம் பாதி, பொறாமை பாதி. ஒரு சமையல்காரி ரீவி முழுக்க முகம் காட்டப்போகிறாள், நான் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு நிற்கவேண்டுமா?

சீலை ஒன்றாக இருக்கவேண்டும் என்பதால் பண்டத்தரிப்புக்குப் போய் மாமியிடமே கேட்டேன். "கொஞ்சம் மிச்சம் எடுக்கோணும் மாமி, அந்த நீலச் சீலையைத் தாங்கோ." தன்னைத் திரும்பவும் கூப்பிடப் போகிறோம் என்று நினைத்து, தோய்த்துக் கஞ்சி போட்டு மடித்து, இரண்டு நாளில் தானே நடந்து கொண்டுவந்து கொடுத்தார். நான் அரிசிமாவைத் தலையில் தட்டி நரை வைத்தேன், புருவப் பென்சிலால் நெற்றியில் கோடு போட்டேன். முதல் தடவையிலேயே, எட்டாவது எண்ணிக்கையில், கண் நிறைந்து வழியாமல் நின்றது. அவ்வளவு வடிவாக அழுதேன்.

தொண்ணூற்றுநாலு தையில் பண்டத்தரிப்பில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் படத்தைப் போட்டோம். ஊர்ச்சனம் நிலத்தில் இருந்தது. மாமிக்கு முன்வரிசையில் கதிரை போட்டு இருத்தினார்கள். அன்றைக்கு அவர்தான் ஊருக்குக் கதாநாயகி. ரீவியில் மாமி குடத்தோடு நடந்து போனார், சனம் கைதட்டியது. கிணற்றடியில் நின்றார், திரும்பினார். திரும்பியது என் முகம்.

பின்னால் இருந்து ஒருவன் கத்தினான்: "எடேய், மாமி கிணத்தடியிலை குமர்ப்பிள்ளையாகிட்டா!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. சபை சிரிக்கும் என்று நான் சொன்னது பலித்தது. பிறகு ஒவ்வொரு தடவை மாமி திரும்பும்போதும் சிரிப்பு. அழுகிற காட்சியில் சில கிழவிகள் எனக்காகக் கண்ணைத் துடைத்ததும் உண்மை, அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எனக்கு அது இனித்தது. மாமி மட்டும் கதிரையின் நுனியில் அசையாமல் இருந்தார். கடைசியில் ரீவியில் வெறும் புள்ளிகள் ஓடும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். இனியாவது வரும் என்று இருந்திருக்கிறார்.

ஜெனரேற்றரை நிற்பாட்டி வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். மாமி கிட்ட வந்தார்.

"என்ரை முகம் எங்கை பிள்ளை?"

"சரியா வரேல்லை மாமி. நாட்டியத்திலை இப்பிடித்தான், ஒரு ஆளே எல்லாராயும் வரும். பாக்கிறவைக்கு விளங்கும்."

"அவன் நாட்டியம் படிக்கேல்லை" என்றார் மாமி.

நான் வயரைச் சுற்றினேன். கொப்பிகள் வெளிநாடு போய்விட்டனவா என்று கேட்டார். கிளாலிக் கடலால் போன கிழமையே மூன்று கொப்பி போய்விட்டது. "அப்ப அந்த வெட்டின துண்டைத் தா. ஆரும் போகேக்கை குடுத்துவிடுவன்" என்றார்.

"அது இல்லை மாமி. அந்த ரேப்பை ஒரு கலியாணத்துக்குப் பாவிச்சிட்டம்."

"ஆற்றை கலியாணம்?"

சொன்னேன்.

மாமியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அதுக்கு நானும் போனனான். முன்னுக்கு நிண்டனான். பறுவாயில்லை, அதிலை இருப்பன் என்ன?"

"ஓம் மாமி" என்றேன். அதில் இருந்தும் அவரை வெட்டியது நான்தான், படத்தில் நடித்த மனுசி கல்யாணத்திலும் நின்றால் குழப்பம் என்று. நீலச் சீலையைத் திருப்பிக் கொடுக்க எடுத்துப் போயிருந்தேன். அதை வாங்கிக்கொண்டு மாமி நடந்து போனார்.

அதற்குப் பிறகு அந்த மனுசி எந்தக் கொண்டாட்டத்திலும் கமெராவுக்கு முன்னால் வரவில்லை. எனக்கு வேலை லேசாகிவிட்டது.

தொண்ணூற்றைந்து ஆடியில் வலிகாமம் மேற்குச் சனம் செல்லுக்குள்ளால் ஓடிவந்தது. கொக்குவில் வீடு ஒவ்வொன்றிலும் மூன்று நாலு குடும்பம். பண்டத்தரிப்பு ஆள் ஒருவர் கடைக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "உங்கடை படத்திலை முதுகு காட்டி நடிச்ச மனுசி, வாற வழியிலை செல் பட்டுச் செத்துப்போச்சுது. றோட்டுக்கரையிலையே தாட்டிட்டு வாறம்." மாமிக்கு ஊரில் அந்தப் பெயர்தான் மிஞ்சியிருந்தது. முதுகு காட்டின மனுசி.

புரட்டாதியில் கப்பல் தபாலில் ஒரு கடிதம் வந்தது. சுவிஸிலிருந்து, கடைப் பெயருக்கு. படத்தின் முடிவில் கடையின் விலாசம் போட்டிருந்தோம். நேசன் எழுதியிருந்தான்.

"ஐயா, உங்கடை படத்திலை கிணத்தடியாலை நடந்து போற மனுசி ஆர்? அது என்ரை அம்மாவின்ரை நடை. ஆனா திரும்பினால் முகம் வேறை ஆள். வரேக்கை ஏஜென்சிக்காரன் எல்லாத்தையும் கிழிக்கச் சொன்னதிலை அம்மாவின்ரை படம் ஒண்டும் என்னட்டை இல்லை. எத்தினையோ கடிதம் போட்டன், ஒண்டுக்கும் பதில் இல்லை. தொண்ணூறிலை அம்மா செத்திட்டா எண்டு ஒருத்தர் சொல்லி, நான் இஞ்சை மொட்டை அடிச்சுக் கடமை செய்தனான். கொப்பி கிடைச்சு ஒண்டரை வருசமா அந்த நடையைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கிறன், முகம் வேறை எண்டபடியா இவ்வளவு நாளும் எழுதேல்லை. அம்மா உயிரோடை இருக்கிறாவோ? ஒரு சொல்லு எழுதுங்கோ."

மாமி கேட்டது நடந்திருக்கிறது. மகன் பார்த்திருக்கிறான், அடையாளமும் கண்டிருக்கிறான். முகம் மட்டும் இருந்திருந்தால் ஒன்றரை வருடத்துக்கு முன்னமே எழுதியிருப்பான். மாமி உயிரோடு கடிதத்தைக் கையில் வாங்கியிருப்பார்.

"நீரே பதில் எழுதும்" என்று கடிதத்தை என்னிடம் தந்துவிட்டுத் தேவண்ணை வெளியே போய்விட்டார். அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்று நாள் வைத்திருந்தேன். உண்மையை எழுதினால் எல்லாவற்றையும் எழுதவேண்டும். உங்கள் அம்மா போன ஆடிவரைக்கும் உயிரோடு இருந்தா, ஆறுதடவை உங்களுக்காக அழுதா, ஆறையும் நான் அழித்தேன் என்று. ஒருமுறை மொட்டை அடித்தவனை ஏன் இரண்டாம் முறை அடிக்கவைக்கவேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். நியாயம் இல்லை அது. பயம்.

நாலாம் நாள் எழுதி, கப்பல் தபாலில் சேர்த்தேன். சேர்த்து ஒரு மாதத்துக்குள் இராணுவம் முன்னேறி வர, முழு வலிகாமமும் மழைக்குள் செம்மணியால் தென்மராட்சிக்கு நடந்தது. ஜெனரேற்றரையும் டெக்குகளையும் விட்டுவிட்டுப் போனோம். திரும்பிப் போனவர்கள் கடை இருந்த இடத்தில் சுவர் கூட இல்லை என்றார்கள். படத்தின் மூலக் கொப்பி அங்கேயே அழிந்தது. வெளிநாடு போன மூன்றில் இரண்டைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மூன்றாவது நேசனிடம் இருந்தது. அதை அவன் பிறகு வைத்திருந்தானா, வேறு எதையாவது மேலே பதிந்தானா, எனக்குத் தெரியாது. அவனிடமிருந்து பிறகு கடிதம் வரவில்லை. வராது. நான் எழுதியது இரண்டே வரி.

"அந்தப் படத்தில் தாயாக நடித்தது முழுக்க நான்தான். அந்த நடையும் நாட்டியத்தில் நான் பழகிய நடை."